சீகல் ஃபோர்ட்டி பிளஸ்: ஒன்பது வருடம் ஓட்டிய பிறகு

2016 இல் ஒரு பழைய கராஜைக் காலி செய்துகொண்டிருந்தவர்களிடம் படகின் பின்னால் மாட்டும் இந்த மோட்டரை வாங்கினேன். பிரிட்டிஷ் சீகல், ஃபோர்ட்டி பிளஸ். 64 சிசி, ஒற்றைச் சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், மூன்று குதிரைவலு. வரிசை எண்ணின் கடைசிக் குறியை வைத்துப் பார்த்தால் 1972 இல் செய்தது. நான் இருப்பது இங்கிலாந்தின் டோர்செட் கரையில், பூல் நகரத்துக்குப் பக்கத்தில். 1931 இல் வோல்வர்ஹாம்ப்டனில் மார்ஸ்டன் நிறுவனத்தில் பிறந்த சீகல், பிறகு பூலுக்கு வந்து, தொண்ணூறுகள் வரை இந்த ஊரில்தான் உருவானது. செய்த ஊரின் தண்ணீரிலேயே அதை ஓட்டுவதில் எனக்குப் பெருமை உண்டு.

வாங்கும்போது அது இறுகிக் கிடந்தது. கடல்நீர்தான் இதைக் குளிர்விக்கிறது. ஓடி முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் உள்ளே உப்புப் படிந்து வழிகள் அடைபடும், சிலிண்டர் தலையின் போல்ட்டுகளைத் துரு பிடித்துக்கொள்ளும். மூன்று வாரம் மாலைதோறும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சூடு காட்டி, மெல்லத் தட்டித் தட்டித் திருப்பினேன். நான்காவது போல்ட்டில் பொறுமை போய் ஸ்பானரை அழுத்திவிட்டேன், உடைந்தது. துளைத்தெடுத்துப் புதுப் புரி வெட்ட ஒரு முழுச் சனிக்கிழமை போனது. வாங்குகிறவர்கள் முதலில் இந்தப் போல்ட்டுகளைப் பாருங்கள். பெயின்ட் உதிர்ந்திருப்பதைப் பார்த்துப் பேரம் பேச வேண்டாம், அது ஒன்றுமேயில்லை.

இந்த மோட்டர் எனக்குக் கற்றுத்தந்த பாடம் பற்றவைப்பில்தான் இருந்தது. இரண்டாவது கோடையில், கரையிலிருந்து புறப்பட்டுச் சரியாக இருபது நிமிடத்தில் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். துடுப்புப் போட்டு வீடு வந்த நாட்கள் பல. எரிபொருள்தான் என்று முடிவு கட்டி, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரை ஐந்து தடவை கழற்றிச் சுத்தம் செய்தேன், பெற்றோல் தாங்கியைக் கழுவினேன், குழாயை மாற்றினேன். கடைசியில் பாசையூரில் இருக்கும் சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காதபோது, ஒரு சொட்டுப் பெற்றோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டர் சைக்கிள் ஓட்டிய தலைமுறை அவர்.

"தம்பி, நிண்ட உடனே பிளக்கைக் கழட்டிப் பொறி பாத்தனியோ?"

"இல்லை சித்தப்பா, ஆறினாப் பிறகுதான் பாத்தன். நல்லாத்தான் வருது."

"ஆறினாப் பிறகு எல்லாம் நல்லாத்தான் வரும். சூட்டோட பார். பொறி இல்லாட்டி எண்ணெயைக் குறை சொல்லாத."

அடுத்த தடவை தண்ணீரின் நடுவிலேயே பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். குளிரில் நீலமாகத் தெறிக்கும் பொறி, சூட்டில் மங்கிய செம்மஞ்சளாகி, விட்டுவிட்டு வந்தது. மேலே சுழலும் சக்கரமான ஃப்ளைவீலுக்குள், பொறிக்கு மின்சாரம் தரும் மக்னெற்றோ இருக்கிறது. அதன் கன்டென்சர் என்ற சின்ன மின்பாகம் சூடேறினால் செத்துவிடுகிறது. புதிதை மாற்றி, மின்சாரத்தைத் திறந்து மூடும் பொயின்ட்டுகளின் இடைவெளியை 0.5 மி.மீ. வைத்த நாளிலிருந்து அந்தக் கோளாறு திரும்பவில்லை. ஒரு கோடை முழுவதையும் தின்ற பழுதைத் தீர்க்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

எரிபொருள் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய சீகலுக்குத் தயாரித்தவர்கள் சொன்ன கலவை 10:1, அதாவது பத்துப் பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில். உள்ளே தண்டைத் தாங்கிச் சுழலவிடும் ரோலர் பேரிங்குகள் இல்லை, வெறும் உலோக வளையங்களான புஷ்கள்தான், அதனால்தான் அவ்வளவு ஒயில். ஆனால் அந்தக் கலவையில் ஓட்டினால் படகின் பின்னால் தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் மிதந்து வரும். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. காபரேற்றரை அதற்கேற்றபடி திருத்தி 25:1 க்கு மாறினேன். திருத்தாமல் ஒயிலை மட்டும் குறைப்பது தவறு. ஒயில் குறைந்த இடத்தைப் பெற்றோல் பிடித்துக்கொள்ள, கலவை செறிவாகி, மோட்டர் மூச்சுத் திணறும். 25 க்கு மேலே போகவே போகாதீர்கள். இங்கே 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெற்றோல், பத்து வீதம் வரை எத்தனால் கலந்த E10 ஆகிவிட்டது. அதிலுள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் தக்கையையும் கெடுக்கும். நான் எத்தனால் குறைந்த E5 தான் ஊற்றுகிறேன், மிச்சத்தைக் குளிர்காலத்துக்கு விட்டுவைப்பதில்லை.

கியர்பெட்டியில் SAE 140 என்ற கெட்டியான ஒயில். தண்ணீர் உள்ளே புகுந்து ஒயில் பால்போல் வெளுத்திருப்பதைக் கண்டு முதல் வருடம் பதறினேன். இதன் அமைப்பே அப்படித்தான். அடிக்கடி வடித்து மாற்றுங்கள், போதும்.

பூல் துறைமுகம் பரந்தது, ஆனால் பெரும்பகுதி ஆழமில்லாதது. சீகலின் விசிறி, அதாவது தண்ணீரைத் தள்ளிப் படகை ஓட்டும் விசிறி, ஒரு சுருள்வில்லின் வழியாகச் சுழல்கிறது. சேற்றிலோ கல்லிலோ தட்டினால் வில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இந்த ஒன்பது வருடத்தில் எத்தனை முறை தரை தட்டியிருப்பேன், விசிறிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பார்வையில் இந்த மோட்டரின் மிகச் சிறந்த யோசனை இதுதான்.

ஆபத்தும் உண்டு. ஃப்ளைவீல் மூடியில்லாமல் வெளியே சுழல்கிறது. கிளப்பும் கயிற்றின் முடிச்சை அதன் வெட்டில் மாட்டிச் சுற்றி இழுக்கும்போது, நுனி சாட்டைபோலப் பின்னால் வரும். உங்களுக்குப் பின்னால் யாரும் உட்காரக் கூடாது. என் மகளின் கன்னத்தில் ஒரு தடவை பட்டது, அன்றிலிருந்து அவள் முன்பலகையில்தான். என் மோட்டரில் கிளட்சும் இல்லை, பின்செல்லும் கியரும் இல்லை. கிளம்பிய நொடியே படகு பாயும். கட்டியிருக்கும்போதே முன்மூக்கை வெளிநோக்கித் திருப்பி வைத்துவிட்டுத்தான் கயிற்றைத் தொட வேண்டும்.

இதற்குப் பொருத்தமாக நான் கட்டிய படகு மிரர் டிங்கி என்ற சின்னப் பாய்ப்படகு. அறுபதுகளின் தொடக்கத்தில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் வீட்டில் கட்டுவதற்கென்றே வடிவமைத்தது, 3.3 மீட்டர் நீளம். பிளைவுட் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடியிழை நாடா ஒட்டுவதுதான் முறை. முதல் பலகையைத் தைத்தபோது, ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்து பாலியெஸ்டர் பிசினுக்குப் பதில் எபாக்ஸி போட்டேன். மற்றதெல்லாம் பழைய வரைபடப்படியே, சிவப்புப் பாய் உட்பட. பாயில் போகும்போது மோட்டரைக் கழற்றி உள்ளே படுக்கவைக்கிறேன்.

காற்றுக்கு எதிராக, நீரோட்டத்துக்கு எதிராக, அவசரமாகக் கரை சேர வேண்டியவர்களுக்கு இந்த மோட்டரை நான் சொல்ல மாட்டேன். துறைமுகத்துக்கு வெளியே நானே இதை நம்பிப் போவதில்லை. உள்ளே, துடுப்பும் கைவசம் இருக்கும்போது, இதைவிட நல்ல துணை எனக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம் தண்ணீர்ப் பீப்பாயில் ஓடவிட்டபோது கீழே ஒரு தட்டல் சத்தம் கேட்டது. பிரித்துப் பார்த்தால், விசிறிக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சதுரத் தண்டின் கீழ்முனை மழுங்கியிருக்கிறது. புதிய தண்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வந்து சேர்ந்தால் ஏப்ரலில் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கும் பிரவுன்சீ தீவு வரை போக வேண்டும், மகள் ஏற்கெனவே நாள் குறித்துவிட்டாள்.