பழைய உப்பளத்தில் பூங்கா: மண் வேலைக்கு முழு மார்க், நடவுக்குப் பாதிதான்

ராமநாதபுரம் கடற்கரையில், கைவிடப்பட்ட உப்பளத்தைப் பூங்காவாக்கித் தரும் ஒப்பந்தக் குழு இது. மண் தெரிந்தவர்கள். மேலே படிந்த உப்பை 10 செ.மீ. வழித்து அள்ளி, பாத்தி வரப்புகளை உடைத்து, 1 மீட்டர் ஆழத்துக்கு வடிகால் வெட்டிய பிறகே ஜிப்சம் போட்டிருக்கிறார்கள். இந்த வரிசை மாறக் கூடாது. ஜிப்சம் களிமண்ணில் ஒட்டிய சோடியத்தை விடுவிக்கும், அவ்வளவுதான். கழுவி வெளியேற்ற மழையும் வடிகாலும் வேண்டும். செப்டம்பருக்குள் முடித்ததால் வடகிழக்குப் பருவமழை முழுசாகக் கிடைத்தது.

சொதப்பல் நடவில். உப்புநீர் முழ ஆழத்திலேயே நிற்கும் இடத்தில் தரைமட்டக் குழியில் வேம்பு வைத்தால், வேர் இறங்கியதும் இலை நுனி கருகும். கோடையில் அடி ஈரம் மேலேறி ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப்போகும். 1 மீட்டர் மேடு, அதன் அடியில் ஒரு சாண் ஜல்லி: இரண்டும் இருந்தால்தான் அந்த ஏற்றம் அறுபடும். உகாய், பூவரசு, பனை தாங்கும். புல்தரையை யார் கேட்டார்களோ! அதற்கு உவர்ப்பான போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற, கழுவிய உப்பு திரும்பி வரும்.

சீமைக்கருவேலத்தை வெட்டி மட்டும் விட்டிருக்கிறார்கள். அது துளிர்க்கும், வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். பெயிண்ட் அடித்த இரும்பு பெஞ்சு உப்புக்காற்றுக்கு வெல்டு முனையில் துருப்பிடித்து விட்டுவிடும், கருங்கல் பலகையே போதும். இரண்டு பாத்திகளை உள்ளான் பறவைகளுக்காகத் தண்ணீரோடு விட்டது நல்ல யோசனை.

கடைசித் தவணைக்கு முன் மண் பரிசோதனை கேளுங்கள். மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் இருந்தால் இன்னொரு மழைக்காலம் காத்திருக்க வேண்டும்.