என்ஆர்டிஎல்லா, யூனிக்வாக்கா? ஏன் மாறினேன்

தண்ணீர், அசிட்டிக் அமிலம், எத்தில் அசிட்டேட். இந்த மூன்றும் சேர்ந்த திரவம் இரண்டு அடுக்காகப் பிரியும். 298.15 கெல்வினில் டை லைன்களை (சமநிலையில் இருக்கும் இரண்டு அடுக்கின் கலவை விகிதங்களை இணைக்கும் கோடுகள்) அளந்து முடித்தாயிற்று, இனி அந்தப் பிரிவைக் கணக்கிடும் எந்த மாடலில் பொருத்துவது என்பதுதான் கேள்வி. வில்சன் மாடல் திரவம் இரண்டு அடுக்காகப் பிரிவதையே காட்டாது, அது ஆட்டத்திலேயே இல்லை. அளந்த தரவு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஆத்மர்-டோபயாஸ் கோடு (1942) நேராக வந்தால் மனசுக்கு ஒரு தெம்பு, அவ்வளவுதான். லாக் எடுத்து வரைந்தால் சுமாரான தரவும் நேராகத்தான் தெரியும்.

மிச்சம் என்ஆர்டிஎல் (1968), யூனிக்வாக் (1975). இரண்டிலும் ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு ஆற்றல் பாராமீட்டர். என்ஆர்டிஎல்லில் கூடவே ஆல்ஃபா (மூலக்கூறுகள் எந்த அளவு தாறுமாறாகக் கலக்காமல் இருக்கின்றன என்பதற்கான எண்) ஒன்று, வழக்கமாக 0.2 அல்லது 0.3 என்று நாமே வைத்துவிடுவோம். யூனிக்வாக்கில் அந்த இடத்தில் மூலக்கூறின் அளவும் பரப்பும் வரும் (தண்ணீருக்கு 0.92, 1.40), அதில் நம் கை வைக்க முடியாது. எனக்கு ஃபிட்டின் பிழை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நான் என்ஆர்டிஎல்லிலிருந்து யூனிக்வாக்குக்கு மாறியதற்குக் காரணம் அமிலமும் எத்தில் அசிட்டேட்டும். இந்த ஜோடி எந்த விகிதத்திலும் முழுசாகக் கலக்கும், ஆனால் அதன் பாராமீட்டர்களைப் பிடித்து வைக்க மூன்றும் சேர்ந்த கலவையின் தரவு மட்டும்தான் இருக்கிறது, அதனால் அவை இஷ்டத்துக்கு எங்கேயோ போய் உட்காரும். என்ஆர்டிஎல்லில் அருமையான ஃபிட் கிடைத்தது, சிமுலேட்டரில் போட்டேன், பிரிப்புக் கோபுரத்தின் கணக்கு கன்வெர்ஜ் ஆகவே (ஒரு விடையில் வந்து நிற்கவே) இல்லை, நாலு நாள் கோபுரத்தின் செட்டிங்கையே நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த ஜோடிக்கு மட்டும் கலப்பின் கிப்ஸ் ஆற்றல் வளைவை வரைந்தால், நடுவில் ஒரு மேடு! அதாவது, இல்லாத ஒரு பிரிவை மாடல் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. இரண்டு அடுக்கிலும் ஒவ்வொரு பொருளின் ஆக்டிவிட்டியும் (கலவையில் அதன் செயல்படும் செறிவு) சமம் என்ற கணக்கு சரியாக வந்ததால், அது நிலையான தீர்வுதானா என்று நான் பார்க்கவே இல்லை. தொடக்க மதிப்பை மாற்றினால் வேறு பாராமீட்டர்கள், பிழை மட்டும் அதே அளவு.

யூனிக்வாக்கில் பல தொடக்க மதிப்புகள் கொடுத்துப் பார்த்தேன், அந்த மேடு வரவில்லை. அதற்காக அங்கே வரவே வராது என்று சொல்லமாட்டேன், எதில் பொருத்தினாலும் அந்த வளைவை வரைந்து பார்த்துவிடுங்கள். பிளெய்ட் பாயின்ட் (இரண்டு அடுக்கும் ஒன்றாகிவிடும் புள்ளி) பக்கம் எனக்கு இரண்டுமே தடுமாறின. அயனித் திரவங்களை (திரவ நிலையில் இருக்கும் உப்புகளை) நான் ஒரே ஒரு தடவைதான் தொட்டிருக்கிறேன். அளவு, பரப்பு மதிப்புகள் சுலபமாகக் கிடைக்காத அந்த மாதிரி இடத்தில் என்ஆர்டிஎல்தான் வசதி.

அப்புறம், யாரோ வெளியிட்ட என்ஆர்டிஎல் பாராமீட்டர்களை எடுப்பதாக இருந்தால் ஆல்ஃபாவையும் சேர்த்தே எடுங்கள், அலகு கெல்வினா கலோரியா என்றும் பாருங்கள்.