சியாஸுக்கு 15 அங்குல டயர் போட்ட கதை

மாருதி சியாஸ் காரின் உயர் வேரியன்ட்டான ஆல்ஃபாவில் கம்பெனி கொடுத்த டயர் 195/55 ஆர்16. அதாவது அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். பார்க்க ஜம்மென்று இருக்கும். பின் சீட்டில் உட்காரும் என் மாமியாரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார். "மாப்பிள்ளை, பள்ளம் பார்த்துப் போங்க" என்பதுதான் கோவைக்குள் அவர் பேசும் பாதிப் பேச்சு. டயரின் பட்டன் தேய்ந்து, மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று காட்ட இடுக்கில் இருக்கும் 1.6 மி.மீ. மேடு தெரிய ஆரம்பித்ததும், இந்த முறை சொகுசுக்குத்தான் முதலிடம் என்று முடிவு செய்தேன்.

டயர் என்றாலே எல்லோரும் பிராண்டைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்த்தது அளவை. இதே சியாஸின் கீழ் வேரியன்ட்டுகளில் 185/65 ஆர்15 வந்தது. கணக்குப் போட்டால், 16 அங்குல டயரின் பக்கச்சுவர் 107 மி.மீ., 15-இல் 120. மொத்த விட்டமோ இரண்டிலும் ஏறக்குறைய 621 மி.மீ.தான். ஸ்பீடோமீட்டர் குழம்பாது, வண்டி உயரம் மாறாது, குழியில் விழும்போது அமுங்கிக்கொடுக்க 13 மி.மீ. ரப்பர் கூடுதல். கம்பெனியே இந்த மாடலுக்குக் கொடுத்த அளவு என்பதால் பிரேக்கில் ரிம் இடிக்குமோ என்ற பயமும் இல்லை.

முதலில் போன கடையில் இதைச் சொன்னதும் சிரித்தார்கள். "எல்லாரும் பெருசாக்குறாங்க, நீங்க சிறுசாக்குறீங்களே சார்! 205 போடுங்க, கெத்தா இருக்கும்." கெத்து எனக்கு வேண்டாம் என்று வேறு கடைக்குப் போய் 15 அங்குல ரிம்மோடு மிஷெலின் பிரைமஸி 4 எஸ்டி வாங்கினேன். அங்கே விசாரித்த இந்திய டயர்களைவிட ஒன்றுக்கு இரண்டாயிரம் போலக் கூடுதல். சத்தம் குறைவு என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள், அது உண்மையாகவே தெரிகிறது. பொள்ளாச்சி கான்க்ரீட் ரோட்டில் முன்பு பாட்டு வால்யூமை ஏற்ற வேண்டியிருக்கும். இப்போது அந்த ஹூம் சத்தம் பின்னால் போய்விட்டது. ரோட்டின் இணைப்புகளில் வரும் 'டக் டக்' நிற்கவில்லை, மழுங்கியிருக்கிறது. வேகத்தடையில் முன்பு வந்த அந்தக் கட்டை அடி இல்லை.

குறை? வளைவில் ஸ்டீயரிங் ஒரு நொடி யோசிக்கிற மாதிரி இருக்கும். உயரமான பக்கச்சுவர் என்றால் அது கூடவே வரும். வால்பாறை ஏறும்போது வேகமாகத் திருப்பி ஓட்டுகிறவர்களுக்கு இது பிடிக்காது. டயருக்கு மேலே இருக்கும் வீல் ஆர்ச்சில் இடைவெளி மாறாவிட்டாலும் சின்ன அலாய் ரிம் கொஞ்சம் சோனியாகத்தான் தெரிகிறது. பையன் இன்னும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறான்.

வாங்கும்போது ஒன்று பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரம் தயாரானது. பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் அது இருக்கும், அதனால் மாட்டுவதற்கு முன்பே நான்கு டயரையும் புரட்டிப் பார்த்துவிட வேண்டும். பழைய சரக்கு என்றால் ரப்பர் இறுகியிருக்கும், அப்புறம் சொகுசு எங்கிருந்து வரும்?

அப்புறம் காற்று. டயர் ரிம்மில் 'டப்' என்று உட்கார அதிகமாக அடிப்பார்கள், அதைக் குறைக்க மறந்துவிடுவார்கள். என் வண்டியை வெளியே எடுத்ததும் பழைய டயரைவிடக் கல்லாக இருந்தது. காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ.-க்கு மேல் காட்டியது. மறுநாள் காலை, டயர் சூடாவதற்கு முன், டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்படி குறைத்த பிறகுதான் கொடுத்த காசுக்குப் பலன் தெரிந்தது.

சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் போயிருந்தால் எந்த டயரும் உதவாது, அதை முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். 16 அலாயை விட மனசில்லாதவர்களுக்கு இதே பிரைமஸி 195/55-லும் கிடைக்கிறது. சத்தம் குறையும், பள்ளத்தில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம்.