ஏசி ஃபிளாப் மோட்டார் கோளாறு: காதா, ஸ்கேனரா?

கார் ஏசியில் வெப்பநிலையை எவ்வளவு மாற்றினாலும் ஒரே சூட்டில் காற்று வந்தால், டேஷ்போர்டுக்குள் காற்றுக் கதவைத் திருப்பும் சின்ன மோட்டாரையும் (ஃபிளாப் மோட்டார்) சந்தேகிக்க வேண்டும்.

காதால் பார்ப்பதற்குச் செலவே இல்லை. இன்ஜினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, வெப்பநிலையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மாற்றுங்கள். ‘டக் டக்’ என்று விடாமல் கேட்டால், பெரும்பாலும் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கும். சத்தமே இல்லாவிட்டால்தான் தலைவலி: மோட்டார் போனதா, ஒயரா, கதவே சிக்கிக்கொண்டதா? மோட்டாரைக் கழற்றிக் கதவைக் கையால் திருப்பினால் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கும்.

மற்ற இரண்டுக்கும், காரின் கணினியோடு இணைத்துக் கோளாறைப் படிக்கும் கருவியான ஸ்கேனர் நல்லது. கணினி கேட்ட நிலையும் மோட்டார் சொல்லும் நிலையும் பொருந்துகிறதா என்று காட்டும். ஆனால் மலிவான ஓபிடி கருவிகள் (காரின் சோதனை சாக்கெட்டில் செருகும் சின்ன ஸ்கேனர்கள்) பலவும் இன்ஜின் கோளாறுக் குறியீடுகளோடு நின்றுவிடும். ஏசி பக்கமே போகாது. அப்புறம், மோட்டார் சரியாகச் சுற்றி, கதவின் தண்டு உடைந்திருந்தால் ஸ்கேனரும் ஏமாறும்.

சத்தம் கேட்டால் ஸ்கேனருக்குப் பணம் கொடுக்காதீர்கள். கேட்காவிட்டால் கொடுக்கலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு வந்த கோளாறு என்றால், முதலில் மறு அளவீடு (கதவின் இரு கோடிகளையும் கணினி மறுபடி கற்றுக்கொள்ளச் செய்வது) செய்து பாருங்கள்.