வேளச்சேரி வார இறுதி மெடிக்கல் கோடிங் வகுப்பு: சாருக்காகப் போகலாம்

வேளச்சேரிப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் நான்கு மாதம், சனி ஞாயிறு மட்டும், 24,000 ரூபாய் கட்டி மெடிக்கல் கோடிங் (டாக்டர் எழுதும் நோயையும் சிகிச்சையையும் இன்சூரன்ஸ் கிளெய்முக்கான கோடுகளாக மாற்றும் வேலை) படித்தேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். சேரலாமா என்று கேட்டால், பாடம் எடுக்கும் சாருக்காகச் சேரலாம், வேலை வாங்கித் தருவார்கள் என்று நம்பி மட்டும் சேராதீர்கள்.

சார் எப்படிச் சொல்லித்தருவார் என்பதற்கு ஒரு சனிக்கிழமை போதும். அன்றைக்குக் கரோடிட் அனியூரிசம், அதாவது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியின் சுவர் பலவீனப்பட்டுப் புடைத்துக்கொள்வது. 'இடது இன்டர்னல் கரோடிட் அனியூரிசம், வெடிக்கவில்லை' என்று போர்டில் எழுதிவிட்டுக் கோடு கேட்டார். போனில் தேடிப் பார்த்தவர்கள் உட்பட எல்லோரும் ஐ72.0 என்றோம். அவர் ஒன்றும் பேசாமல், நோய்களுக்கான கோடுகள் உள்ள ஐசிடி-10-சிஎம் புத்தகத்தில் அந்தக் கோடுக்குக் கீழே இருக்கும் 'எக்ஸ்க்ளூட்ஸ் 1' குறிப்பை, அதாவது எவற்றுக்கு இந்தக் கோடு போடக் கூடாது என்ற பட்டியலை, சத்தமாகப் படிக்கச் சொன்னார். இன்டர்னல் கரோடிட் என்பது மூளைக்குப் போகும் கிளை, அதில் மண்டைக்குள் இருக்கும் பகுதி என்றால் ஐ67.1, இடமே சொல்லாமல் விட்டிருந்தாலும் ஐ67.1 தான்! காமன் கரோடிட், எக்ஸ்டர்னல், இன்டர்னலின் கழுத்துப் பகுதி, இவை மட்டும்தான் ஐ72.0. மண்டைக்குள் வெடித்துவிட்டால் ஐ60.0 வரிசைக்குப் போய் வலமா இடமா என்று பார்க்க வேண்டும், கழுத்தில் வெடித்தால் ஐ72.0 விலேயே அடங்கிவிடும். சுவர் கிழிந்த டிசெக்‌ஷனுக்கு ஐ77.71, அது தனிக் கதை.

அப்புறம் தன் குரல்வளைக்குப் பக்கத்தில் விரலை வைத்து, குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைக் காட்டி, மெதுவாகக் காது வரை இழுத்துக்கொண்டே போய், "இதுவரைக்கும் கழுத்து, இதுக்கு மேல எலும்புக்குள்ள போயிடும், டாக்டர் எதை எழுதியிருக்கார்னு பாருங்க" என்றார். அந்த விரல் இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்துத் தந்த ஆபரேஷன் நோட்டில் கழுத்தைக் கீறிச் சரிசெய்திருந்தார்கள், அதற்குச் சிகிச்சைக்கான கோடு சிபிடி 35001. வெடித்திருந்தால் 35002. ஆனால் டயக்னோசிஸ் வரியில் இடம் இல்லை. அப்படியே ஐ67.1 போட்டால் நோய் மண்டைக்குள், வெட்டு கழுத்தில், கிளெய்ம் திரும்பி வராமல் என்ன செய்யும்? நீங்களாக ஊகித்து ஐ72.0 போடாதீர்கள், விளக்கம் கேட்டு டாக்டருக்குக் கொயரி அனுப்புங்கள் என்றார். இன்று வேலையில் தினமும் செய்வது இதைத்தான்.

இனி குறைகள். ஐசிடி கோடுகள் ஒவ்வொரு அக்டோபர் 1 அன்றும் புதுப்பிக்கப்படும். நாங்கள் நவம்பரில் சேர்ந்தோம், கையில் கொடுத்ததோ போன வருஷப் புத்தகத்தின் ஜெராக்ஸ், பல பக்கங்களில் ஓரம் வெட்டுப்பட்டு, அந்த எக்ஸ்க்ளூட்ஸ் வரிகளே பாதி காணோம். கோடர்களுக்கான சான்றிதழ்த் தேர்வான சிபிசி, புத்தகம் பார்த்து எழுதுவதுதான், ஆனால் 4 மணி நேரத்தில் 100 கேள்வி, 70 சதவீதம் எடுக்க வேண்டும். கடைசி மாதம் சொந்தக் காசில் புதுப் புத்தகம் வாங்கி, பக்கம் தேடியே பாதி நேரம் போய், எப்படியோ தப்பித்தேன். 'பிளேஸ்மென்ட் உதவி' என்றால் ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் எல்லோரும் ஏற்கெனவே பார்த்த விளம்பரங்கள். மையத்தின் மேடத்திடம் கேட்டால் "வரும்ப்பா, வெயிட் பண்ணு" என்பார்.

சார் காலை பேட்ச் மட்டும்தான் எடுக்கிறார். மாலையில் வருபவர் ஸ்லைடைப் படித்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார், அதனால் பணம் கட்டும் முன் எந்த பேட்ச் என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.