மாதிரி வண்டிகளின் துணி வேலைக்கு மில்லிபுட் வெள்ளை எப்பாக்சி புட்டி

1/35 அளவு (அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) ராணுவ வண்டி மாதிரிகளில் பிளாஸ்டிக் வார்ப்பாகவே வரும் தார்ப்பாய்ச் சுருளும் தோள்பையும் பெரும்பாலும் மடிப்பின்றி விறைத்துக் கிடப்பவை. அவற்றை அகற்றிவிட்டுத் தம் கையாலேயே செய்ய விரும்புவோருக்கு, வேல்ஸில் தயாராகும் மில்லிபுட்டின் ‘சூப்பர்ஃபைன் ஒயிட்’ வகையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். திருநெல்வேலி ஹார்டுவேர் கடைகளில் குழாய் ஒழுகலை அடைக்க விற்கும் சாதாரணப் புட்டி மலிவானதுதான். ஆனால் அதன் பரப்பு சொரசொரப்பானது.

இவ்வேலையில் தடிமனே பெரும் சிக்கல். அரை மில்லிமீட்டர் தகடுகூட இந்த அளவில் 17 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மெத்தையாகிவிடும் என்பதால், புட்டியைக் கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைப் போல மெல்லிதாகத் தேய்த்தாக வேண்டும். பிசின், இறுக்கி எனப் பொதியில் வரும் இரண்டு குச்சிகளிலிருந்தும் சம அளவு கிள்ளி, நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, பிசுபிசுப்பு அடங்கச் சுமார் அரைமணி நேரம் விட்டு, முகப்பவுடர் தூவிய பாலித்தீன் தாளின் மேல் கண்ணாடிக் குப்பியால் உருட்டினால், கிழியாத தகடு கிடைக்கிறது. வெட்டிப் போர்த்தியபின் ஈரமான பல்குத்தும் குச்சியால் மடிப்புகளை நீவலாம். தண்ணீருக்கு இப்புட்டி இணங்குவது பெரிய வசதி. மடிப்பு எங்கே விழ வேண்டும் என்பதற்குத் தச்சநல்லூர்ச் சாலையோரம் நிற்கும் லாரிகளைப் பார்த்தாலே போதும்: கயிறு அழுத்தும் இடத்திலிருந்து மடிப்புகள் விரிந்து கிளம்ப, இரு கயிறுகளுக்கு இடையே பாய் தொய்ந்து கிடக்கும். நெசவுத் தடம் பதிக்க மல்துணியை அழுத்துவோர் உண்டு. இந்த அளவில் அது சாக்கையும் மிஞ்சிய முரடாகத் தெரிவதால் எனக்கு உடன்பாடில்லை.

பையின் வார்களைத் தகடு சற்று இறுகியபின் பிளேடால் கீறி எடுப்பதே நல்லது; கொக்கிக்குச் செம்புக் கம்பி போதும்.

இறுகுவதற்குச் சில மணி நேரம் ஆகும் என்பது மிதமான வெப்பத்துக்குரிய கணக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த அவகாசம் குறைந்துவிடுவதால் சிறுசிறு அளவாகவே பிசைய வேண்டும். சாரல் காலத்தில் நிதானமாகச் செய்யலாம்.

இறுகியபின் மெல்லிய ஓரங்கள் எளிதில் ஒடிவது இதன் உண்மையான குறை. தொங்கும் வார்களுக்கு, இறுகியும் சற்று வளையும் ‘கிரீன் ஸ்டஃப்’ புட்டியைச் சரிபாதி கலந்துகொள்ளலாம். இறுகாத எப்பாக்சி தோலுக்கு ஒவ்வாமை தரக்கூடியது என்பதால் கையுறை அவசியம். 113.4 கிராம் பொதியை இணையவழி வரவழைக்க ஆகும் செலவு உறுத்தினாலும், ஒரு தார்ப்பாய்க்குச் சிறு உருண்டையே போதும்.