சிலிக்கான் 46 என்று சொல்லி என் இன்ஜினைப் பிரித்தார்கள்

ஆயில் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் காட்டி யாராவது பைக் இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். நான் பொறுக்கவில்லை, 38,000 ரூபாய் போய்விட்டது.

என்னுடையது 400 சிசி வண்டி, 31,000 கிலோமீட்டர் ஓடியது. கோவையில் ஒரு பட்டறையில் கிளட்ச் பிளேட்டும் ஆயிலும் மாற்றினேன். 2,800 கிலோமீட்டர் ஓட்டியபின் அந்த ஆயிலை லேபுக்கு அனுப்பினேன். மண் தூசியிலும் இருக்கும் சிலிக்கான் என்ற தனிமம் 46 பிபிஎம் (பத்து லட்சத்தில் 46 பங்கு) என்று வந்தது. அதே பட்டறையில் காட்டினேன். "தூசி உள்ளே போயிருச்சுங்க சார், சிலிண்டர் தேஞ்சிருக்கும். விட்டா இன்ஜின் சீஸ் ஆகி இறுகி நின்னுடும்" என்றார் உரிமையாளர். பயந்துபோய்ச் சரி என்றேன்.

பதில் அந்தத் தாளிலேயே இருந்தது. தூசி உள்ளே போனால் சும்மா இருக்காது, உரசும். பிஸ்டனிலிருந்து அலுமினியமும், ரிங், சிலிண்டரிலிருந்து இரும்பும் கூடவே ஏறும். எனக்கு இரும்பு 17, அலுமினியம் 5 மட்டுமே. சிலிக்கான் மட்டும் தனியாக ஏறினால் முதலில், மூடும் இடத்தில் ஆயில் கசியாமலிருக்கத் தடவும் கேஸ்கெட் பேஸ்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். புதிதாகத் தடவிய பேஸ்ட்டிலிருந்து சிலிக்கான் ஆயிலில் இறங்கும், இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை. கிளட்ச் கவரை மூடும்போது அதைத் தடவியதே அவர்கள்தான்!

ஆயிலின் கெட்டித்தன்மை 100 டிகிரியில் 14.1 என்று இருந்ததையும் குற்றமாகச் சொன்னார்கள். கிரேடு என்பது கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண். ஊற்றிய 50 கிரேடு ஆயிலுக்குக் குறைந்தது 16.3 வேண்டும், உண்மைதான். ஆனால் இந்த வண்டியில் கியர்பாக்ஸுக்கும் அதே ஆயில்தானே. கியர் பற்கள் நசுக்கி நசுக்கி அது 40 கிரேடுக்கு இறங்குவது சகஜம். பெட்ரோல் கலந்திருந்தால் ஃபிளாஷ் பாயிண்ட்டும் (ஆயிலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) விழுந்திருக்கும், விழவில்லை. ஆயிலை மாற்றினாலே போதும்.

கழற்றிய சிலிண்டரைக் கேட்டு வாங்கி வந்தேன். உள்சுவரில் தயாரிப்பின்போதே தீட்டிய ஹோனிங் கோடுகள் குறுக்கும் மறுக்குமாக அப்படியே இருக்கின்றன. நகத்தால் வருடிப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை. அன்று கழற்றி வைத்திருந்த கிளட்ச் கவரின் உள்விளிம்பில் சாம்பல் நிறப் பேஸ்ட் புழு மாதிரி பிதுங்கி நின்றதை நானே பார்த்தேன். அப்போது எனக்குப் புரியவில்லை.

இப்படிச் சொல்கிறவர்களிடம் முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபில்டரைத் தாண்டி, இன்ஜின் பக்கமுள்ள குழாயை வெள்ளைத் துணியால் துடையுங்கள். மண் ஒட்டாவிட்டால் இன்ஜினைத் தொடவிடாதீர்கள். அடுத்த ஆயிலையும் டெஸ்ட் செய்து இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வேலை முடிந்தபின் நான் எடுத்த ரிப்போர்ட் இப்போது கையில் இருக்கிறது. புது ரிங் படிவதால் இரும்பு 43. மறுபடி பேஸ்ட் தடவியதால் சிலிக்கான் 58.